வெளியூர் ஆட்டம்: இங்கிலாந்து நான்-லீக் ரசிகர் பயணத்தின் வரலாறு

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீகும் அதன் கீழுள்ள ஃபுட்பால் லீகின் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 92 கிளப்புகள். இந்த 92-க்குள் வராத எல்லாக் கிளப்புகளுக்கும் ‘நான்-லீக்’ என்று பெயர். அவையும் லீகுகளில்தான் ஆடுகின்றன. 1888-இல் தொடங்கிய ஃபுட்பால் லீகுக்கு வெளியே நிற்பவை என்பதே அந்தப் பெயரின் பொருள். ஐந்தாம் படியான நேஷனல் லீகில் ஓர் ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் திரள்வார்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கினால் நூறு, இருநூறு பேர் மைதானத்தைச் சுற்றியுள்ள தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்று பார்க்கும் ஊர்கள் வரும். எந்தப் படியில் ஆடினாலும் ஒரு கிளப் தன் ஆட்டங்களில் பாதியைச் சொந்த மைதானத்திலும் மறுபாதியை எதிரணியின் ஊரிலும் ஆட வேண்டும். அந்த மறுபாதிக்கு அணியின் பின்னாலேயே போகும் ரசிகர் கூட்டம் சிறியது. சில வாரம் ஒரு பேருந்து நிறைய. சில வாரம் ஒரே காரில் அடங்கும் நான்கு பேர். இந்தப் பயணத்துக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நான்-லீக் கால்பந்து இன்றிருக்கும் உருவத்தில் இருப்பதற்குப் பெரிய காரணம் ஊர்களுக்கு இடையிலான தூரமும் அதைக் கடக்க ஆகும் செலவும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓய்வு நேரம் வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. பிற தொழில்களுக்கும் சனிக்கிழமை அரைநாள் விடுப்பு பரவியது. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். மதியம் வேலை முடித்தவன் பக்கத்து ஊருக்குப் போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது ரயிலால். ரயில் கம்பெனிகளும் இதில் வருமானம் இருப்பதைக் கண்டுகொண்டு, ஆட்ட நாள்களில் சலுகைக் கட்டணத்தில் சிறப்பு ரயில்களை விட்டன.

அந்தச் சலுகைச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1901-ஆம் ஆண்டின் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதியாட்டமே சாட்சி. அப்போது சதர்ன் லீகில் ஆடிக்கொண்டிருந்த டாட்டன்ஹாம், அதாவது இன்றைய கணக்கில் ஒரு நான்-லீக் கிளப், ஷெஃபீல்ட் யுனைடெட்டை எதிர்த்து ஆடியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல். அது சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தை வடக்கே போல்ட்டன் நகரில் வைத்தார்கள். போல்ட்டன் ரயில் நிலையத்தில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால் ரயில் கம்பெனி சலுகைச் சீட்டு தர மறுத்தது. வந்தவர்கள் 20,470 பேர். பெருங்கூட்டத்தை நம்பிச் சுட்டு அடுக்கிய இறைச்சிப் பணியாரங்கள் விற்காமல் தேங்கின. ஊரில் அந்த நாளுக்கு அந்தப் பணியாரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். டாட்டன்ஹாம் 3-1 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. ஃபுட்பால் லீக் தோன்றிய பிறகு அதற்கு வெளியிலிருந்து கோப்பையை வென்ற கிளப் அது ஒன்றுதான்.

பெரிய கிளப்புகள் நகரங்களில் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வடகிழக்கே டர்ஹம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்க ஊர்கள் தங்களுக்கென ஒரு கால்பந்தை வளர்த்தன. 1889-இல் 10 கிளப்புகளோடு தொடங்கிய நார்தர்ன் லீக் இன்றும் நடக்கிறது. உலகில் இன்றும் நடந்துவரும் கால்பந்து லீகுகளில் ஃபுட்பால் லீகுக்கு அடுத்த பழமை இதற்குத்தான். ஊருக்கு ஊர் சில மைல் தூரமே இருந்ததால் வெளியூர் ஆட்டம் என்பது பெரும்பாலும் நடந்தே போகக்கூடிய, அல்லது ஒரு சிறு ரயில் சவாரியில் எட்டக்கூடிய பயணம். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றான வெஸ்ட் ஆக்லண்டின் அணிதான் 1909-இல் இத்தாலியின் டூரின் நகரம் வரை போய் சர் தாமஸ் லிப்டன் கோப்பையை வென்றது. 1911-இல் மீண்டும் போய், இறுதியாட்டத்தில் யுவென்டஸை 6-1 என்று தோற்கடித்தது. ஆடியவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பயணச் செலவு கிளப்பைக் கடனில் தள்ளியதால், வென்ற கோப்பையை ஊரிலிருந்த விடுதிக்காரப் பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். அது ஊர்க்காரர்கள் கைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. வெளியூர் ஆட்டத்தின் செலவு ஒரு சிறிய கிளப்பின் கழுத்தை எப்படி நெரிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி வேறில்லை.

இரு உலகப் போர்களுக்கு நடுவே சாலைவழிப் பயணம் வந்தது. வரிசையாக நீண்ட இருக்கைகளும் மடித்துவிடும் கூரையும் கொண்ட ‘சாராபாங்க்’ என்ற மோட்டார் வண்டி, ரயில் பாதை இல்லாத ஊர்களுக்கும் ரசிகர்களை ஏற்றிச் சென்றது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். கிளப்பின் ஆதரவாளர் சங்கம் வண்டியை வாடகைக்குப் பிடிப்பது, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது, இடம் மிஞ்சினால் ஆட்டக்காரர்களையும் அதிலேயே ஏற்றிக்கொள்வது என்ற ஏற்பாடுகள் அந்தக் காலத்திலேயே வேரூன்றின. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஒரே பேருந்தில் போய்வரும் வழக்கம் சிறிய கிளப்புகளில் இன்றும் மறையவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளே இந்தப் பயணத்தின் பொற்காலம். சம்பளம் வாங்காமல் ஆடும் அணிகளுக்கான எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டம் 1949 முதல் லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்கு மாறியது. அந்த ஆண்டு ப்ராம்லியும் ரோம்ஃபோர்டும் மோதியதைப் பார்க்க 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1951-இல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் பெகாசஸ் அணியும் டர்ஹம் மாவட்டத்தின் பிஷப் ஆக்லண்டும் ஆடியபோது எண்ணிக்கை ஒரு லட்சம். இந்தக் கோப்பையைப் பத்து முறை வென்ற ஊர் பிஷப் ஆக்லண்ட். 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது.

1954-இல் நடந்ததைத் தனியே சொல்ல வேண்டும். பிஷப் ஆக்லண்டுக்கும் க்ரூக் என்ற சுரங்க ஊருக்கும் இடையே சுமார் 5 மைல் தூரம்தான். இரண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தன. அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுவதைப் பார்க்க இருதரப்பு ரசிகர்களும் சுமார் 250 மைல் தெற்கே லண்டனுக்குப் பயணமானார்கள். வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் ஆட்டம் 2-2. நியூகாசிலில் 56,008 பேர் முன்னிலையில் மறுபடி 2-2. மிடில்ஸ்பரோவில் 36,727 பேர் பார்க்க, மூன்றாவது ஆட்டத்தில் க்ரூக் 1-0 என்று வென்றது. இரண்டு சிற்றூர்களின் சண்டையை மூன்று ஆட்டங்களில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்துக்கு வெளியே அந்த மக்களுக்குக் கால்பந்து எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது இந்த எண்களில் தெரிகிறது. அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே 1974-இல் நீக்கியதால் அந்தக் கோப்பையும் அந்த ஆண்டோடு நின்றது. கடைசியாக வென்றது ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்ட். அந்த ஊர் இந்த வரலாற்றில் இன்னொரு முறை வரும்.

நான்-லீக் ரசிகரைப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோவது எஃப்.ஏ. கோப்பை. அதில் கீழ்ப் படியிலுள்ள கிளப்பும் குலுக்கலில் எந்தப் பெரிய கிளப்போடும் கோக்கப்படலாம். 1949-இல் யோவில் டவுன் தன் சரிவான மைதானத்தில் முதல் பிரிவின் சண்டர்லண்டை 2-1 என்று சாய்த்தது. அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆட மான்செஸ்டருக்குப் போக வேண்டியிருந்தது. ஓல்ட் டிராஃபோர்ட் போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்ததால் ஆட்டம் மெய்ன் ரோடு மைதானத்தில் நடந்தது. 81,565 பேருக்கு நடுவே யோவில் 8-0 என்று தோற்றது. 1972 ஜனவரியில் ஹெரிஃபர்ட் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் 250 மைலுக்கு மேல் பயணம் செய்து நியூகாசிலுக்குப் போனார்கள். 2-2 என்று சமன் செய்துவிட்டு ஊர் திரும்பிய அணி, பிப்ரவரி 5 அன்று சேறாகிக் கிடந்த சொந்த மைதானத்தில் 2-1 என்று வென்றது. 1978-இல் ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸ் ஐந்தாம் சுற்று வரை வந்து, ரெக்ஸம் அணியோடு மறு ஆட்டத்தை நியூகாசிலில் ஆடியபோது 42 ஆயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். 2017-இல் லிங்கன் சிட்டி, 1914-க்குப் பிறகு காலிறுதியை எட்டிய முதல் நான்-லீக் கிளப் ஆனபோது, ஏறத்தாழ 9 ஆயிரம் ரசிகர்கள் லண்டனில் ஆர்செனல் மைதானத்தின் ஒரு மூலையை நிரப்பினார்கள். ஆட்டம் 5-0 என்று தோல்வி.

இவையெல்லாம் விழா நாள்கள். வழக்கமான சனிக்கிழமைகளில் பயணம் 1960-களில் கடினமாகிப்போனது. ரயில் துறையின் நட்டத்தைக் குறைக்க 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. க்ரூக் ஊருக்குப் பயணிகள் ரயில் 1965-இல் நின்றது; 1954-இல் வெம்ப்ளிக்குப் பயணம் கிளம்பிய ஊரில் இன்று ரயில் நிலையமே கிடையாது. நான்-லீக் கிளப்புகளின் ஊர்கள் பெரும்பாலும் இத்தகைய கிளைப் பாதை ஊர்கள்தாம். அவர்கள் ரயிலைவிட்டுப் பேருந்துக்கும் சொந்தக் காருக்கும் மாறினார்கள். 1959-இல் எம்1 நெடுஞ்சாலை திறந்தது இதற்கு வழி கொடுத்தது.

பேருந்துக்கும் கணக்கு உண்டு. ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தூரம் கூடினால் இரண்டாவது ஓட்டுநர் வேண்டும், வாடகை ஏறும். நாற்பது பேர் பகிரும் வாடகையைப் பன்னிரண்டு பேர் பகிர முடியாது. அதனால் பல கிளப்புகளில் நீண்ட பயணங்களுக்குப் பேருந்து விடுவதைக் கைவிட்டு, யார் காரில் இடம் இருக்கிறது என்று ஆட்டத்துக்கு முந்தின நாள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு மழை கலைத்துவிடும். பெரிய கிளப்புகளின் மைதானங்களில் மண்ணுக்கடியில் சூடேற்றும் குழாய்கள் இருக்கின்றன. நான்-லீக் மைதானங்களில் அநேகமாகக் கிடையாது. ஜனவரியில் பனி உறைந்தாலோ நவம்பரில் தண்ணீர் தேங்கினாலோ, நடுவர் காலையில் வந்து காலால் அழுத்திப் பார்த்து ஆட்டம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குள் வெளியூர்ப் பேருந்து பாதி வழி வந்திருக்கும். 1962-63 குளிர்காலத்தில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றை முடிக்க 66 நாள் பிடித்தது. அந்த ஒரு சுற்றில் மட்டும் 261 முறை ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிப்போன ஆட்டம் வார நாள் இரவுக்கு வரும். எஃப்.ஏ. கோப்பையில் மின்விளக்கில் ஆடிய முதல் ஆட்டம் நான்-லீக் கிளப்புகளுடையதுதான்: 1955 செப்டம்பரில் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ், ப்ரையர்லி ஹில் அலையன்ஸோடு மோதியது. விளக்கு வந்த பிறகு செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டங்கள் வழக்கமாயின. இரவு 7.45-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிவதற்குள் கடைசி ரயில் போய்விடும். மறுநாள் வேலை இருக்கும். சனிக்கிழமை பேருந்து நிறையப் போகும் கூட்டம் செவ்வாய்க்கிழமை ஒரு காராகச் சுருங்குவது இதனால்தான். மெய்ட்ஸ்டன் யுனைடெட் 2012-இல் செயற்கைப் புல்தரையோடு புதிய மைதானம் திறந்ததும், அதைப் பார்த்து மற்றவர்கள் தொடர்ந்ததும் இந்தத் தள்ளிவைப்புகளைக் குறைத்தன. ஃபுட்பால் லீக் செயற்கைத் தரையை ஏற்பதில்லை. 2021-இல் சட்டன் யுனைடெட் மேலேறியபோது அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புல் நட வேண்டியிருந்தது.

தூரம் கிளப்புகளின் தலைவிதியையும் எழுதியது. 1986 வரை ஃபுட்பால் லீகில் நுழைய ஓட்டெடுப்பு ஒன்றே வழி. ஆண்டுதோறும் கடைசி இடங்களில் வந்த நான்கு கிளப்புகள் மற்றக் கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டு நிற்கும்; நான்-லீக் கிளப்புகளும் விண்ணப்பிக்கும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதே வழக்கம். காப்பாற்றப்படாதவர்களைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 1960-இல் வெளியேற்றப்பட்ட கேட்ஸ்ஹெட் அந்த ஆண்டு கடைசிகூட இல்லை, கடைசியிலிருந்து மூன்றாவது. வடகிழக்கு மூலைக்கு மற்றொரு நெடும்பயணத்தைத் தவிர்க்க மற்றவர்கள் விரும்பியதே காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. 1972-இல் ஹெரிஃபர்டுக்காக இடத்தைப் பறிகொடுத்தது பாரோ. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டின் நுனியில் இருக்கும் ஊர், வேறெங்கும் போகாத சாலை. 1977-இல் போன வொர்க்கிங்டனும் அதே வடமேற்குக் கரைதான். ஆட்டம் சரியில்லை என்பது ஒரு காரணம். அங்கே போய்வர யாருக்கும் மனமில்லை என்பதையும் மறுக்க முடியாது. பாரோ மீண்டும் ஃபுட்பால் லீகுக்குத் திரும்ப 48 ஆண்டுகள் ஆயின.

இந்த மூடிய கதவைத் திறக்கத்தான் 1979-இல் நாடு முழுவதற்குமான ஒரு நான்-லீக் பிரிவு, அலையன்ஸ் பிரீமியர் லீக், உருவானது. தெற்கிலிருந்து 13, வடக்கிலிருந்து 7 என 20 கிளப்புகள். அதுவரை தன் வட்டாரத்துக்குள் போய்வந்த ரசிகர் முதல் முறையாக நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்ய நேர்ந்தது. 1987-இல் முதலிடம் பெற்ற ஸ்கார்பரோ ஓட்டெடுப்பு இன்றி நேரடியாக ஃபுட்பால் லீகுக்கு உயர்ந்தது. லிங்கன் சிட்டி இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு முதலிடம் பெற்ற என்ஃபீல்டுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

இன்று ஐந்தாம் படிக்குக் கீழே எல்லாமே வட்டாரப் பிரிவினை. ஆறாம் படியில் நேஷனல் லீகின் வடக்கு, தெற்கு என இரண்டு, ஏழாம் படியில் நான்கு, எட்டில் எட்டு. கீழே போகப் போக வட்டாரம் சிறியதாகும், பயணச் செலவு குறையும் என்பது கணக்கு. பருவம் முடிந்ததும் எந்தக் கிளப் எந்தப் பிரிவில் என்பதை எஃப்.ஏ. வரைபடத்தை வைத்து முடிவு செய்யும். எல்லைக்கோட்டில் இருக்கும் ஊருக்கு இது சோதனை. 2023-24-இல் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்டை வடக்குப் பிரிவில் போட்டார்கள். லண்டனிலிருந்து சுமார் 30 மைல் தூரத்தில் இருக்கும் ஊரின் ரசிகர்கள் அந்தப் பருவம் முழுக்க ப்ளைத், சவுத் ஷீல்ட்ஸ், ஸ்பென்னிமூர் என்று ஸ்காட்லாந்தை நெருங்கிப் போய்வந்தார்கள். அணி கடைசி இடத்தில் வந்து இறங்கியது.

இத்தனை தூரம் போகிறவருக்கு அங்கே கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மேல்தட்டுக் கால்பந்தில் வெளியூர் ரசிகருக்குத் தனி வாயில், தனி மூலை, காவலர் வரிசை. 1970-களின் ரசிகர் வன்முறைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. நான்-லீகில் பெரும்பாலும் ஒரே வாயில்தான். உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே வரிசையில் நின்று உள்ளே போவார்கள், கிளப்பின் மதுக்கூடத்தில் ஒரே மேசையில் உட்காருவார்கள். 1985-இல் வந்த சட்டம் ஆட்டம் தெரியும் இடத்தில் மது அருந்துவதையும், ஆட்டத்துக்குப் போகும் பேருந்தில் மது கொண்டுபோவதையும் தடைசெய்தது. லீக் ஆட்டங்களில் அந்தத் தடை நேஷனல் லீகின் மேல் பிரிவோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கையில் பியர் கோப்பையோடு கம்பியில் சாய்ந்து நிற்கலாம். மைதானப் பாதுகாப்பு பற்றிய 1990-இன் டெய்லர் அறிக்கைக்குப் பிறகு மேல் பிரிவு மைதானங்கள் முழுக்க நாற்காலி மயமாயின. கீழே நின்று பார்க்கும் படிக்கட்டு இன்னும் இருக்கிறது.

நான்-லீக் பழக்கங்களில் மிக அழகானது இடைவேளையில் முனை மாற்றிக்கொள்வது. தன் அணி எந்தக் கோல் கம்பத்தை நோக்கித் தாக்குகிறதோ அதன் பின்னால் நிற்பது ரசிகர் வழக்கம். இரண்டாம் பாதியில் அணிகள் திசை மாறும். ரசிகர்களும் மாற வேண்டும். நடுவர் இடைவேளை விசிலை ஊதியதும் கம்பியில் கட்டியிருந்த கொடியின் முடிச்சை ஒருவர் அவிழ்ப்பார், இன்னொருவர் சுருட்டுவார். தேநீர்க் கடை வழியில்தான் இருக்கும். அங்கே கொஞ்ச நேரம் வரிசை. கையில் கோப்பையும் அட்டைத் தட்டில் குழம்பூற்றிய உருளைக்கிழங்குச் சிப்ஸுமாக அவர்கள் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது, எதிர்த்திசையில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். மூலைக் கொடிக்கருகே இரு கூட்டமும் ஒன்றையொன்று கடக்கும். தலையசைப்பு, உங்கள் ஒன்பதாம் எண்காரர் நன்றாக ஆடுகிறார் என்ற ஒரு பேச்சு, பிறகு அவரவர் முனை. மறுபடி முடிச்சு. ஒரு காலத்தில் லீக் மைதானங்களிலும் இது நடந்தது. அங்கே பிரிப்பு வேலிகள் வந்தபின் நின்றது; வேலி போடும் அளவுக்குக் கூட்டமில்லாத ஊர்களில் தங்கிவிட்டது.

சொந்த ஊர் ஆட்டமே வெளியூர்ப் பயணமாகிப்போன கொடுமையும் இந்த வரலாற்றில் உண்டு. என்ஃபீல்ட் கிளப்பின் மைதானம் 1999-இல் விற்கப்பட்டது. அதன்பின் அணி பிற ஊர்களின் மைதானங்களை வாடகைக்கு எடுத்து ஆடியது. இரண்டு ஆண்டுகள் பொறுத்த ரசிகர்கள் 2001-இல் என்ஃபீல்ட் டவுன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள்; ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் முன்னோடிக் கிளப் அது. மறு ஆண்டு மே மாதம், விம்பிள்டன் கிளப்பைச் சுமார் 60 மைல் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்கு மாற்ற எஃப்.ஏ. நியமித்த குழு அனுமதித்தது. அந்தப் பயணத்தை ஏற்க மறுத்த ரசிகர்கள் சில வாரங்களில் ஏஎஃப்சி விம்பிள்டனை உருவாக்கி ஒன்பதாம் படியில் சேர்த்தார்கள். 2002 ஆகஸ்ட் 17 அன்று அதன் முதல் லீக் ஆட்டம் சாண்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில். சில பத்துப் பேர் வந்துபோகும் மைதானத்தில் அன்று 2,449 பேர். சின்னஞ்சிறு கிளப்புகளுக்கு அந்தப் பருவத்தில் விம்பிள்டன் ரசிகர்களின் ஒரு வருகை பல மாத வருமானத்துக்குச் சமமானது. ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கிளப் ஃபுட்பால் லீகை எட்டியது.

தமிழர்களுக்கும் இந்த மைதானங்களோடு ஒரு தொடர்பு உண்டு. ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கோப்பை 2018-இல் லண்டன் சுற்றுவட்டார நான்-லீக் மைதானங்களில் நடந்தது. தமிழீழ அணி அதில் ஆடியது. இறுதியாட்டம் நடந்த இடம் என்ஃபீல்ட் டவுனின் மைதானம்.

கடல் கடந்த பயணமும் வந்துவிட்டது. கெர்ன்சி தீவின் கிளப் 2011-இல் இங்கிலாந்தின் லீகில் சேர்ந்தது. வரும் அணிகளின் பயணச் செலவைத் தானே ஏற்பது என்ற நிபந்தனையோடு. அங்கே ஆட்டத்தை நிறுத்துவது விமான நிலையத்து மூடுபனி. அண்டைத் தீவின் ஜெர்சி புல்ஸ் 2019-இல் தொடங்கி முதல் பருவத்தில் ஆடிய 27 லீக் ஆட்டங்களையும் வென்றது. கொரோனா வந்து 2020 மார்ச்சில் கீழ்ப் படிகளின் முடிவுகள் அனைத்தையும் எஃப்.ஏ. அழித்துவிட்டதால் அந்த 27 வெற்றிகளும் கணக்கில் இல்லை. அதே பெருந்தொற்றின்போது 2021 ஜனவரியில் எட்டாம் படியின் மெரீன் கிளப்புக்கு டாட்டன்ஹாம் வந்தது. ரசிகர் யாரும் நுழைய முடியாத அந்த ஆட்டத்துக்கு, பார்க்க முடியாத சீட்டை 10 பவுண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். போக முடியாத வெளியூர்ப் பயணத்துக்காக டாட்டன்ஹாம் ரசிகர்கள் கொடுத்த காசு அந்தச் சிறிய கிளப்பைத் தாங்கியது.

தன் அணி என்று ஒன்றில்லாமல், புதுப்புது மைதானங்களைப் பார்ப்பதற்கென்றே பயணம் செய்யும் ‘கிரவுண்ட்ஹாப்பர்’ கூட்டமும் பெருகியிருக்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வேயிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தேசிய அணி ஆடுவதால் பெரிய லீகுகள் ஓயும் ஒரு சனிக்கிழமையில் பக்கத்து ஊர்ச் சிறிய கிளப்புக்குப் போகச் சொல்லும் ‘நான்-லீக் டே’ 2010 முதல் நடக்கிறது. மறுபக்கம், 2024-25 பருவத்திலிருந்து எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் கிடையாது. ஹெரிஃபர்டுக்கு 1972-இல் கிடைத்த இரண்டாவது ஆட்டம் இனி எந்தச் சிறிய கிளப்புக்கும் கிடைக்காது. பெரிய கிளப்புகளின் நெருக்கடியான நாள்காட்டிக்காக எடுத்த முடிவு இது. இழப்பு சிறிய ஊர்களுடையது.

நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் மாவட்டத்தின் ட்ரூரோ சிட்டி சொந்த மைதானம் இல்லாமல் 2021 முதல் மூன்று பருவங்களை மாவட்டத்துக்கு வெளியே ஆடியது. ஒரு கட்டத்தில் அதன் ‘சொந்த’ மைதானம் க்ளாஸ்டரில் இருந்தது. 2024-இல் ஊரில் புதிய மைதானம் திறந்தது. 2025-இல் தெற்குப் பிரிவை வென்று நேஷனல் லீகின் மேல் பிரிவுக்கு வந்த முதல் கார்ன்வால் கிளப் ஆனது. அதே பிரிவில் இருந்தது 1960-இல் தூரத்துக்காக ஒதுக்கப்பட்ட ஊரின் இன்றைய கிளப்பான கேட்ஸ்ஹெட். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒருவழித் தூரம் சுமார் 450 மைல்.